உயிர்வாழ் சான்று

ஓய்வூதியம் வர வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை
உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.
வங்கிக்கு வர வேண்டாம் பாட்டியம்மா, போனே போதும் என்றான்
திஜூக்கா கிளைப் பையன்.
முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்.
இமைக்கவும். இடப்பக்கம் திரும்பவும். புன்னகைக்கவும்.

லெயோனீசி பர்செலோஸ் பதினொரு முறை செத்தவள்.
எட்டுக்கு நான் சாட்சி,
கன்டினியூட்டி நோட்டு என்னிடம்தான் இருந்தது.
முதல் சாவு நித்தெரோய் படகுத்துறையில், கத்திக்குத்து.
கறுப்பு வெள்ளைக் காலம், சாக்லேட் பாகுதான் ரத்தம்.
ஏழாவது டேக்கில் ஈ மொய்த்தது,
பிணம் சிரித்துவிட்டது.

அதற்கு முன்பு அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்
அதே ஸ்டுடியோவின் உடுப்பறையில்.
நாயகிக்குத் தொண்டை கட்டிய ஒரு வியாழக்கிழமை
கவுனின் அளவு சரிபார்க்கப் போட்டவள்
கழற்றவே இல்லை.
லெயோனீசி என்பது ரொட்டிக்கடைக்காரி பெயர் என்று
தயாரிப்பாளர் ‘லியா ஸெரேனா’ ஆக்கினார்.
ஸெரேனா என்றால் அமைதியானவள்.
மேக்கப் அறையில் சீப்பு பறந்த திசைகளை
நான் குறித்துவைத்திருக்கிறேன்.

பிறகு தொலைக்காட்சி. இரவு எட்டு மணித் தொடர்.
இருநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள் மருமகளை அழவைத்தாள்.
சந்தையில் பப்பாளிக்காரி
மீதிச் சில்லறையை அவள் கையில் தரவில்லை,
பலகைமேல் வீசினாள்.
ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்தது.
குனிந்து எடுத்தாள்.
லெயோனீசி கஞ்சம். அதையும் எழுத வேண்டும்.

இடையில் ஒரு படம். வண்ணாத்தி வேடம்.
மகனை ஜீப்பில் ஏற்றிப்போகிறார்கள்,
அவள் துணி காயப்போடுகிறாள், அவ்வளவுதான் கதை.
தணிக்கைக்காரர்கள் முதலில் பதினான்கு நிமிடம் கேட்டார்கள்,
பிறகு முழுதையும்.
இருபது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது
வினிகர் வாடை அடித்தது.
சுருள் சுருளாக ஒட்டிக்கிடந்தது ஏதோ.
அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு
‘சாலட்’ என்றாள்.
வீட்டுக்கு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

என் நோட்டில் மட்டும் இருக்கிறது:
காட்சி நாற்பத்தாறு. ஈர விரிப்பு, இடது கை.
வாயில் இரண்டு கவ்விகள்.
ஜீப் ஓசை கேட்டதும் ஒன்று விழும்.
அடுத்த ஷாட்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.
கண்ணீர் இல்லை.
(இதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்,
ஏன் என்று நினைவில்லை.)

முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.
மூன்றாவது தடவையும் போன் அதையே சொன்னது.
லெயோனீசி எழுந்தாள்.
படிக்கும் விளக்கை இழுத்துவந்து உயரமாக வைத்தாள்,
கேக் சுடும் தாளை மேலே கட்டினாள்,
ஜன்னல் திரையைப் பாதி மூடச் சொன்னாள்,
பாதி என்றால் பாதி, அல்ஸிரா, உனக்கு எப்போதும் இதே தொல்லை.
எண்பத்தொன்பது வயதில் முகவாயை
ஒரு நூலிழை தாழ்த்தினாள்.
தாடைக்குக் கீழிருந்த வருடங்கள்
நிழலுக்குள் போய்விட்டன.

இடப்பக்கம் திரும்பவும்.
யாருடைய இடம், என்னுடையதா, கேமராவுடையதா?
போனுக்கு அதெல்லாம் தெரியவில்லை.
புன்னகைக்கவும்.
எதற்காக என்றாள்.
உன் ஓய்வூதியத்துக்காக என்றேன்.
அது போதுமான காரணமாக இருந்தது.

பச்சைக் குறி விழுந்தது. போனை மேஜையில் வைத்தேன்.
‘இன்னொன்று எடு’ என்றாள்.
‘இதில் கொஞ்சம்
அதிகமாகவே உயிரோடு இருந்துவிட்டேன்.’

எடுத்தேன். போன் எதையும் பதியவில்லை,
அதற்கு முதல் டேக்கே போதுமாம்.

இரவு, பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்:
விளக்கு வலமிருந்து. காப்பி அரைக் கோப்பை.
வலது காதில் தோடு இல்லை.
அடுத்த ஆண்டு இதே காட்சி தொடருமானால்
இடது கை
மேஜைமேல் இருக்க வேண்டும்.